வாங்கப்படாத 131 பொட்டலங்கள்

ஏப்ரல் 8: பதிவான குடும்பங்கள் 640.
ஏப்ரல் 29: வாங்கப்படாமல் திரும்பிய பொட்டலங்கள் 131.
மே 16: போனில் பதில் சொன்னவர்கள் 402, அவர்களில் பொட்டலம் பெற்றவர்கள் 389.

உலகமெங்கும் நோய் பரவி, தெருக்கள் அடைக்கப்பட்டிருந்த ஆண்டு அது. உதவி நிறுவனம் ஒன்று மாவும் சோப்பும் அடங்கிய பொட்டலங்களைக் கொடுத்தது. அவை உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று விசாரித்து எழுதுவது நான் பதிவேடு வைத்திருந்த அலுவலகத்தின் வேலை. விசாரித்தவர், பதினொரு ஆண்டுகள் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பாளர். அலுவலகத்தில் அவர் பெயர் 'கேள்வியக்கா'.

நடமாட்டம் நின்றதும் சமையல் மேடையில் தாள்களைப் பரப்பி, போனில் கேட்கத் தொடங்கினார். கேள்விகள் எண்பத்துநான்கு.

"இத்தனை கேட்டா நானே கட் பண்ணிடுவேன்," என்றார் பேருந்து ஓடாமல் வீட்டிலிருந்த ஓட்டுநர் கணவர்.

அன்றே கேள்வியக்கா அவற்றை ஐந்தாகக் குறைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மேலாளருக்கு மகிழ்ச்சி. "நூத்துக்கு தொண்ணூத்தேழு பேருக்குக் கிடைச்சிருக்கு. அப்புறம் என்னம்மா?"

வாங்காதவர் பெயருக்கு நேரே 'தேவையில்லை' என்று எழுதி, பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கம்; இந்த முறை அதற்குக் குறித்த நாள் ஜூன் 10.

"சார், பொட்டலம் வருதுன்னு சொன்னதும் போன்ல, கிடைச்சுதான்னு கேட்டதும் போன்ல. போன் இல்லாதவங்க? வகுப்புக்கு வந்த பிள்ளைங்களைக் கூப்பிட்டு, யாராவது வரலையான்னு கேட்ட மாதிரி இருக்கு."

"அவங்களை எப்படிக் கேப்பீங்க? காக்காகிட்ட சொல்லி விடுவீங்களா?"

கேள்வியக்கா அந்த 402 பேரையும் மறுபடி அழைத்தார். "போன் இல்லாத வீடு பக்கத்துல இருக்கா? சுவத்தோரம் நின்னு ஒரு குரல் குடுங்களேன். நான் லைன்லயே இருக்கேன்."

"ஏம்மா, அந்த வீட்டோட பேசி மூணு வருஷமாச்சு!" என்றார் ஒரு பெரியவர்.

"பரவாயில்ல ஐயா, சண்டையை நாளைக்குத் தொடருங்க."

131இல், ஏற்கெனவே போனில் 'கிடைக்கவில்லை' என்ற 13 வீடுகள் போக, மீதி 118. ஜூன் 2க்குள் அவற்றில் 109 வீடுகளின் பதில் கிடைத்தது. பொட்டலம் வந்த செய்தியே தெரியாதவை 104.

இரண்டே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனார். மேலாளர் இருமுறை படித்தார். "செப்டம்பர்ல முழு அறிக்கையா குடுக்கலாமே?"

"பேரை அடிச்சப்புறம் யார் படிக்க, சார்?"

மேலாளர் கையெழுத்திட்டார். ஜூன் 3 அன்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

பதில் கடிதத்தில் இரண்டு பத்திகள். அனுமதியின்றிக் கேள்விகளைக் குறைத்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டது முதலாவது. 131 பெயர்களும் பட்டியலில் நீடிக்கும், அடுத்த முறை தெருத் தெருவாக ஒலிபெருக்கி வண்டி போகும் என்றது இரண்டாவது. கடிதம் வந்து சேர்ந்த நாள் ஜூன் 9.