பகவதியப்பன் தேர்தலில் நிற்க நினைத்த ஒன்பது நாட்கள்

தக்கலை தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக்கொடுப்பது பகவதியப்பனின் தொழில். தக்கலை அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் கச்சேரிக் காகிதங்கள் மலையாளத்தில் இருந்தன. அங்கே வருகிறவர்களில் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல இவர் மலையாளத்தில் எழுதுவார். பதினாறு வருஷம் இப்படி எழுதியதில், எந்த ஊரில் எந்த வாய்க்கால் உடைந்து கிடக்கிறது, யார் நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

1953 டிசம்பரில் ஜெபமணி அவரைத் தேடி வந்தார். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் போராடிய கட்சியில் வட்டாரச் செயலாளராக இருந்தவர். பிப்ரவரியில் சட்டசபைத் தேர்தல் வரவிருந்தது.

"வக்கீலுமாரு நாலு பேர் சீட்டு கேக்குதாவ. நமக்கு ஜனங்களை அறிஞ்ச ஆளு வேணும். நீரு நில்லும் வேய்."

பகவதியப்பன் சிரித்தார். "நான் மனு எழுதுதவனாக்கும். மனு வாங்குதவன் இல்ல."

"கொஞ்ச நாளு என்கூட வந்து ஊரைப் பாரும். பொறவு சொல்லும்."

வீட்டில் மனைவி ஓமனாவிடம் சொன்னார். ஓமனா பாறசாலைக்காரி; தாய்மொழி மலையாளம். கல்யாணமாகி வந்தபோது தமிழில் நாலு வார்த்தை தெரியாது. பதினோரு வருஷத்தில் மீன்காரியிடம் தமிழிலேயே சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

"நில்லுங்க," என்றாள் உடனே. "இத்தனை காலம் எழுதிக் கொடுத்ததை எல்லாம் அந்தச் சபையில போயி வாயால சொல்லுங்க."

அடுத்த நாளே அவரும் ஜெபமணியும் கிளம்பினார்கள். பஸ் போகிற மட்டும் பஸ், அதற்கப்பால் நடை. வேர்க்கிளம்பியில் இசக்கி என்ற விதவை இருவருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மைத்துனன் பிடுங்கிக்கொண்ட அவளுடைய நிலம் பகவதியப்பன் எழுதிய மனுவால்தான் திரும்பக் கிடைத்திருந்தது.

"வக்கீலுமாரு வந்தா நாங்க எந்திரிச்சு நிக்கணும். நீரு வந்தா இருந்து பேசலாம்," என்றாள்.

அந்தப் பேச்சு அவருக்குள் ஏதோ செய்தது. திருவட்டாறு போகும் வழியெல்லாம், சபையில் முதல் நாள் என்ன பேசலாம் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டே நடந்தார். கச்சேரிக் காகிதம் தமிழிலும் வேண்டும் என்பதுதான் முதல் வரி.

ஒன்பதாம் நாள் அருமனையில் கூட்டம். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வெற்றிலை வியாபாரி சுடலையாண்டி எழுந்து கேட்டார்: "அண்ணாச்சி, உம்ம வீட்டுல பேசுதது தமிழா, மலையாளமா?"

"சமாதானமா இருந்தா தமிழ். சண்டைன்னா அவ மலையாளத்துக்குப் போயிருவா. நான் தமிழ்ல நிப்பேன். ஜெயிக்கது அவதான்."

கூட்டம் சிரித்தது. சுடலையாண்டியும் சிரித்தார். ஜெபமணி சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இனி யாராவது கேட்டா வீட்டுக்காரி தமிழ்க்காரி, ஊரு இரணியல்னு சொல்லும். தேர்தல் முடியது வரை அவங்களைக் கூட்டத்துக்குக் கொண்டு வரவேண்டாம்."

தக்கலையில் இறங்கியதும் பகவதியப்பன் சொன்னார்: "பொய் சொல்லித் தொடங்க எனக்கு மனசில்ல. வேற ஆளைப் பாரும்."

"கட்சிக்காகத்தான் வேய் சொன்னேன்."

"தெரியும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஓமனா சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பத்தின காரியம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிச்சாச்சு, இல்லியா?"

"உனக்கு வருத்தமாகும்னு நினைச்சேன்."

"வருத்தம் இப்பதான்."

மறுநாள் காலையில் அவள் தனியாக ஜெபமணி வீட்டுக்குப் போனாள். "நான் எங்கயும் ஒளிஞ்சிருக்க மாட்டேன். மேடை ஏறி நானே சொல்லுதேன், நான் பாறசாலைக்காரி, என் வீட்டுக் காகிதம் எனக்குத் தமிழ்ல வேணும்னு. அதைக் கேட்டா ஓட்டுப் போடாம போயிருவாவளா?"

ஜெபமணியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விடிந்ததுமே கட்சிக் கமிட்டி கூடி, ஒரு வக்கீலின் பெயரை நாகர்கோவிலில் இருந்த தலைமைக்கு அனுப்பியிருந்தது.

"தப்பு என்மேலதான் அம்மா," என்றார்.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பகவதியப்பன், "உன்கிட்ட கேட்டிருக்கணும்," என்றார். "ஆமா," என்று சொல்லிவிட்டு ஓமனா சோறு போட்டாள்.

அந்த வக்கீலுக்காக இருவருமே வேலை செய்தார்கள். மலையாளம் பேசுகிறவர்களும் இருந்த மேற்குப் பக்கத்து ஊர்களுக்கான நோட்டீசை அவர் இரண்டு மொழியிலும் எழுதினார். ஓமனா வீடுவீடாகப் போய் அதைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். வக்கீல் ஜெயித்தார். அந்த ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி, பலர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் குடும்பங்களுக்கெல்லாம் மனு எழுதியவர் பகவதியப்பன்.

1956 நவம்பரில் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. கச்சேரியில் தமிழ் வந்தது. அவருடைய தொழில் போய்விடும் என்று சிலர் இரக்கப்பட்டார்கள். வேலை கூடத்தான் செய்தது. புதிதாக வந்த அதிகாரிகளுக்குப் பழைய காகிதங்களை வாசிக்கத் தெரியவில்லை. மலையாளம் மட்டுமே தெரிந்த குடும்பங்கள் தமிழில் மனு எழுதித்தரச் சொல்லி வந்தன. அந்த வீட்டுப் பெண்கள் ஆண்பிள்ளையிடம் குறை சொல்லக் கூச்சப்பட்டதால், வாரத்தில் இரண்டு நாள் ஓமனாவும் கச்சேரிக்கு வந்தாள். அவள் கேட்டுச் சொல்ல, அவர் எழுதினார்.