கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று சில வருடங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம், படிக்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் இதை ஆளுக்கொரு விதமாகத் திரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் இரண்டு விசைத்தறிகள். வீட்டுக்காரர் தறி ஓட்டுவார். நான் பத்தாவது வரை படித்தவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டேன். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்த மாதிரி ஒல்லியான பெட்டி. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.

அது ஆடி மாதம். தீபாவளிச் சேலைக்கு டிசைன் தேடிக்கொண்டிருந்த இளம்பிள்ளை ஊர் வியாபாரி ஒருவர் என்னிடம் ஒரு பார்டர் போடச் சொன்னார். "வெள்ளிக்கிழமை கொண்டாந்து காட்டுங்கம்மா. புடிச்சிருந்தா இனிமே வேலை உங்களுக்குத்தான். இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். எனக்கென்று வந்த முதல் வேலை. மாங்காய் பார்டர் ஒன்றை முக்கால்வாசி முடித்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் திரையில் கோடு கோடாக வந்தது. பிறகு ஒரேயடியாக இருட்டிவிட்டது.

எடப்பாடி மெக்கானிக் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லாத்தாங்க்கா இருக்குது. திரைக்குப் படம் அனுப்பற பாகம் மட்டும் போயிருச்சு. தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா ஓடும். எங்கிட்ட இல்ல, சேலத்துல கேளுங்க" என்றார். டிசைன் போடும் புரோகிராம் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேறு கம்ப்யூட்டரில் போட்டு முடிக்கவும் வழியில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் வீட்டுக்காரரும் சேலம் போனோம். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற மாடிக்கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கறுப்புச் சட்டை. சுவரில் ஒரு சாமி படம் கிடையாது, ஊதுவத்தி வாசனை கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் வருடா வருடம் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறவர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. உள்ளே நுழைந்ததும் என் காதில், "சரியான எடத்துக்குத்தான் கூட்டியாந்த புள்ள" என்றார்.

கண்ணாடி அலமாரியில் இரண்டு விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்று இருந்தது. இவருக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. "அதையே குடுத்துருங்க, நல்லா திடமா இருக்குது" என்றார்.

கடைக்காரர் எங்கள் பெட்டியைப் பற்றி விசாரித்தார். செல்போனில் எடுத்திருந்த போட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது உங்க பெட்டிக்குள்ள போகாதுங்க. அறுத்துக் கிறுத்து வெச்சாலும் அந்தப் பெட்டி குடுக்கிற கரண்டு இதுக்குப் பத்தாது. மொபட்டுல லாரி இன்ஜினத் தூக்கி வெச்ச கதையாயிரும். அம்மா பண்ற வேலைக்கு இவ்வளவு பெருசு எதுக்குங்க?"

உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய கார்டை எடுத்தார். பாதி உயரம்தான் இருந்தது. தனியாகக் கரண்டு வயர் கேட்காது, செருகுகிற இடத்திலேயே எடுத்துக்கொள்ளும் என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, எங்கள் ஒல்லிப் பெட்டிக்குத் தகுந்த குட்டைத் தகடு ஒன்றை மாட்டினார். எப்படிப் போடுவது என்றும் சொன்னார். கரண்டு வயரைப் பிடுங்கிவிட வேண்டும். 'டிக்' என்று சத்தம் வரும்வரை கார்டை அழுத்த வேண்டும். திரையின் வயரைப் பழைய இடத்தில் இல்லாமல் கார்டிலேயே செருக வேண்டும். "முக்கியமா இந்த அடி விளிம்புல தங்கமாட்டம் பல்லு பல்லா இருக்குது பாருங்க, அதக் கையால மட்டும் தொட்டுராதீங்க" என்றார்.

இரண்டரை மணிக்கு வீடு வந்தோம். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். அது முடியும்வரை பெட்டியைத் தொடக்கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் சரி, தறிக்கு ஒரு புது உதிரிப் பாகம் வந்தாலும் சரி, சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் ஓடும். மூன்று மணி ஆவதற்குள் கார்டையும் சாமி ரூமுக்குக் கொண்டுபோனார். நான் அடுப்பு வேலையில் இருந்தேன். நாலரைக்கு மேல் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைத் திறந்தோம். கார்டின் விளிம்பை நான் கவனிக்கவில்லை. இவரே அழுத்தினார், 'டிக்' என்றது. முருகா என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது.

கார்டைக் கழற்றாமல் ஆட்டிப் பார்த்தோம், வயரை மாற்றிச் செருகிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "செத்த கார்டை நம்ம தலையில கட்டிட்டான். ஒரு சாமி படங்கூட இல்லாத கடை, நான் அப்பவே நெனச்சேன்" என்று இவர் பொருமினார். எனக்கு வெள்ளிக்கிழமைதான் கண் முன்னால் நின்றது.

மறுநாள் காலையில் கார்டு செருகியபடியே பெட்டியைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கடையில் காலேஜ் பையன்கள் மூன்று பேர் ஏதோ வாங்க நின்றிருந்தார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் தங்கப் பல் வரிசையில் ஒரே சீராகச் சின்னச் சின்னச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

பையன்களில் ஒருவன், "அண்ணா, கார்டுக்குக் காது குத்தா? கெடா வெட்டு உண்டா?" என்றான். மற்ற இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "இத யாருங்க வெச்சது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றார் இவர்.

"கையால தொட வேண்டாம்னு சொன்னனுங்களே?"

"கையால எங்கீங்க தொட்டேன்? தீக்குச்சியிலதான் வெச்சனுங்க. கையே படக்கூடாதுன்னு நீங்க சொன்னதுனால, அதுதான் அதுக்கு முக்கியமான எடமாட்ட இருக்குதுன்னு அங்க வெச்சேன்."

சிரிப்பு வந்துவிடாமல் கடைக்காரர் உதட்டை மடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு, "தொடாதீங்கன்னு சொன்னேன், எதுக்குன்னு சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்புங்க" என்றார். பையன்கள் பக்கம் திரும்பி, "தம்பிகளா, மிச்சச் சிரிப்ப கீழ டீக்கடையில போய்ச் சிரிச்சுட்டு வாங்க" என்றார். அவர்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். கார்டை அதன் மேல் பிடித்து, மெல்லிய பிரஷால் ஒவ்வொரு பொட்டாகத் தட்டினார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். பெட்டிக்குள் கார்டு உட்காரும் பள்ளத்தையும் விடவில்லை. பிரஷால் வழித்தெடுத்து அதையும் தாளிலேயே தட்டினார். ஒரு துளி குங்குமம்கூடக் கீழே சிந்தவில்லை.

"ஈரத்தோட சொருகிக் கரண்டு விட்டிருந்தீங்கன்னா போர்டே போயிருக்குமுங்க. எப்படிக் காஞ்சுது?" என்று கேட்டார்.

இவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. "ராகு காலம் முடியட்டும்னு ஒண்ணர மணி நேரம் வெச்சிருந்தமுங்க. அந்த முருகன்தான் காப்பாத்துனான்."

"அது உங்க கணக்குங்க. காஞ்சிருந்துச்சு, தப்பிச்சுது. இது என் கணக்கு. எப்படியோ போர்டு பொழைச்சுது, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே கார்டை உட்கார வைத்து சுவிட்சைப் போட்டார்.

திரை வெளுத்தது. டிசைனைத் திறந்தேன். என் மாங்காய் பார்டர், விட்ட இடத்தில் விட்டபடி வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப இதுக்குப் பொட்டே வெக்கக் கூடாதுங்களா?" என்று இவர் கேட்டார்.

"பெட்டிக்கு வெளிய எங்க வேணும்னாலும் வெச்சுக்குங்க. காத்துப் போற ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க."

"நீங்க சாமியே கும்புடறதில்லீங்களாட்ட?"

"இல்லீங்க."

"சரி உடுங்க. உங்களுக்கும் சேத்து நாங்க கும்புட்டுக்கறோம்."

அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது உங்க இஷ்டம்ங்க."

கிளம்பும் நேரத்தில் அந்த வெள்ளைத்தாளை நாலாக மடித்து இவரிடம் நீட்டினார். "உங்க சந்தனம் குங்குமமுங்க. குப்பையில போட எனக்குக் கை வரல. கீழ கொட்டுனா நாலு பேரு மிதிப்பாங்க, உங்களுக்குச் சங்கடமா இருக்கும். கொண்டுபோய்ச் செடிக்குப் போட்டுருங்க" என்றார். இவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். பஸ்ஸில் வீடு வரும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை டிசைனைக் காட்டினேன். வியாபாரிக்குப் பிடித்துவிட்டது. இன்றைக்கும் அவருக்கு நான்தான் டிசைன் போடுகிறேன், அதே பெட்டி, அதே கார்டு. ஆயுத பூஜைக்குப் பெட்டியின் முன்பக்கம் ஒரே ஒரு பொட்டு. தாளில் இருந்ததைச் செம்பருத்திச் செடிக்குப் போட்டோம்.

இப்போது இந்தக் கதை எங்கள் சொந்தத்தில் எப்படி ஓடுகிறது தெரியுமா? பொட்டின் மகிமையைப் பார்த்து அந்தக் கடைக்காரர் அன்றைக்கே திருநீறு பூசிக்கொண்டதாக என் நாத்தனார் சொல்கிறார். நாங்கள் புத்தி வந்து சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டதாக என் தம்பி சொல்கிறான். இரண்டும் பொய். அவர் சட்டை இன்னமும் கறுப்புத்தான், இவர் நெற்றியில் இன்னமும் பட்டைதான். நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதாக இருந்தால், அவரை எங்கள் பக்கமோ எங்களை அவர் பக்கமோ இழுத்துவிடாமல் இருந்தபடியே சொல்லுங்கள். கும்பிடாத ஒரு மனிதர், கும்பிடுகிறவர்களின் குங்குமம் காலில் மிதிபடக்கூடாது என்று தாளை விரித்தாரே, சாமி ரூமில் விளக்கேற்றும்போதெல்லாம் அந்த வெள்ளைத்தாளும் என் நினைவுக்கு வருகிறது.