பிணை வைக்காமல் கடலுக்குப் போன றீற்றா அன்ரி

தொலைபேசி அடித்தது. வழக்கம்போலப் பங்குத்தந்தையின் குரலில், "சமாதானம் உண்டாகட்டும், மகளே" என்றேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. "எடியே, அம்மாவிட்டைக் குடு. றீற்றா மோசம் போட்டா. விடிய ஆஸ்பத்திரியிலை சீவன் போச்சுது," என்றார் மாமி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். அன்று றிசீவரை அம்மாவிடம் நீட்டினேன்.

இத்தாலியில், கால்சாப் பகுதியில், எங்களுக்கு மேல் அறையில் இருந்த அன்ரியை உங்களில் பலருக்குத் தெரியும். சீருடை கண்டால் கடதாசி நீட்டுகிறவர். பொலிஸ், பட்டாளம், பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பவர், எல்லாருக்கும் வதிவிட அனுமதிக் கடதாசியான பெர்மெஸ்ஸோவை விரித்துக் காட்டுவார். ஒருமுறை கோயில் ஊர்வலத்தில் பாண்ட் வாத்தியக்காரனுக்கும் நீட்டினார். அவன் ஊதுவதை நிறுத்திவிட்டு மரியாதையாக வாசித்துப் பார்த்தான்.

"அன்ரி, அவனுக்குத் தேவை சுருதி, அனுமதி இல்லை."

"கேக்க முதல் காட்டினால் கேள்வி இல்லையடி, குரங்கே."

யாழ்ப்பாணத்தை இயக்கம் ஆண்ட காலம் எப்படியிருந்தது என்று துளைத்துத் துளைத்துக் கேட்பேன். பால்பல்லோடு இங்கே வந்தவளுக்கு வேறு எப்படித் தெரியும்? "கள்ளர் இல்லை. குமர்ப்பிள்ளையள் இருட்டிலையும் தனியச் சைக்கிளிலை வருங்கள். வீட்டுக்குப் பூட்டே தேவையில்லை; பூட்டெல்லாம் வாய்க்குத்தான்." அதைச் சொல்வதற்கும் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார். கீழே மீன்காரன் மட்டும்தான் நின்றான்.

"பக்கத்து வீட்டு மாஸ்ரர் உன்னைப்போலை பகிடிக்காரன். விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போனவை."

"பிறகு?"

"பிறகு எங்கடை ஒழுங்கையிலை பகிடி இல்லை."

அங்கிருந்து வெளியே போகப் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். அன்ரிக்குப் பிணை நின்றவர் தம்பி யூட். கொழும்பில் கண்ணைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்ட அன்ரி, இத்தாலியில் வந்து இறங்கினார். தம்பியைப் பிடித்துப் பங்கர் வெட்ட விட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அன்ரி மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில் வேலை செய்தார். தெருமுனையில் கடல். மத்தியானம் ஓய்வாகப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சிஞ்ஞோரா எத்தனையோ தரம் சொல்லியும் அன்ரி போகவில்லை. கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குசினிக் கதிரையில் இருத்தினார்.

"நான் வருமட்டும் இவள் இஞ்சை நிப்பாள்," என்றார்.

"இவள் எதற்கு?" என்றார் சிஞ்ஞோரா.

நான்தான் பிணை என்பதை இத்தாலியனில் விளக்க வழி தெரியாமல், பிஸ்கட் பெட்டியை விசாரணைக்கு எடுத்தேன். விசாரணை முடியுமுன்பே அன்ரி திரும்பிவிட்டார். கால் நனையவில்லை.

"என்ன அன்ரி, கடல் பூட்டோ?"

"ஒராளை நிப்பாட்டிப்போட்டு எப்பிடியடி ஆறுதலாய் நிக்கிறது?"

பிஸ்கட் பெட்டியை மூடிவிட்டுக் கதிரையை விட்டு இறங்கினேன். 

பிறகு பட்டாளம் முன்னேறி வர, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அந்த நெரிசலில் தப்பிய யூட், கொழும்புக்கு வந்துசேர்ந்து எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். றிசீவரை அன்ரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"அக்கா, வெளியிலை வந்திட்டன்."

சுகமோ, சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை அவர். "ஆரையடா பிணை வைச்சனி?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. கேக்கிறதுக்கும் இப்ப அங்கை ஆளில்லை."

சில நாள் கழித்து சிஞ்ஞோரா பதறிக்கொண்டு அழைத்தார்: சமையல் பாதியில் நிற்கிறது, றீற்றாவைக் காணவில்லை. அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஓடினோம். ஏப்ரனோடு, குடைகளுக்கும் குளிப்பவர்களுக்கும் அப்பால், முழங்கால் தண்ணீரில் நின்றார் அன்ரி.

"ஆருக்குச் சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"ஒருத்தருக்கும் இல்லையடீ!"

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அவர் குரல் அவ்வளவு பெரிது என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அஞ்சலிக்கு வைத்திருக்கும் அவருடைய படத்தை அம்மா வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தச் சத்தம் போதும்.