வாய்மொழி உத்தரவை நம்பிய எங்கள் அப்பா

கொடுமுடியில் உழவர் குடும்பமொன்றில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்த எங்கள் அப்பா, தேர்வெழுதி வருவாய்த் துறையில் சேர்ந்து, கோவையிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். அவரது பொறுமையைப் புகழ்ந்து எழுதும்படி உறவினர் பலரும் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும். அந்தப் பொறுமைமீதுதான் மகளாகிய எனக்குக் கோபம்.

மேலதிகாரி தொலைபேசியில் எதைச் சொன்னாலும் அப்பா எழுந்து நின்று, "சரிங்க சார், செஞ்சுபோடறனுங்க" என்பார். எழுத்தில் வாங்குங்கள் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "பெரியவிங்ககிட்ட எழுதிக் குடுங்கன்னு கேக்கறது மரியாதையா, கண்ணு?" என்பார்.

ஓடைக்கரை வீடுகளை இடிக்குமுன் கொடுக்க வேண்டிய நோட்டீசுகளை அப்பா தயாராக வைத்திருந்தார். "இப்பக் குடுக்க வேண்டாம், நிறுத்தி வைங்க" என்றார் மேலதிகாரி. ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலைப் பக்கத்து மேசைக்காரர் மூவரும் கேட்டார்கள். மறுவாரமே வீடுகள் இடிபட்டன. சட்டிபானையை எடுக்கக்கூட அந்த மக்களுக்கு நேரமில்லை. உத்தரவென்று அதற்கு உடன்பட்டது அப்பாவின் தவறுதான், மறைக்க மாட்டேன். ஆனால் வழக்கு வந்ததும், "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று மேலதிகாரி எழுதிக் கொடுத்தார். மறுப்பதற்கு மட்டும் அவருக்குப் பேனா கிடைத்துவிட்டது!

ஓய்வுபெறும் நாளன்று, மாலையெல்லாம் வாங்கி வைத்த பிறகு, தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. கடைசி நாளில் கழுத்தறுப்பது அங்கே வாடிக்கை. விசாரணையில் மூவரும், "ஞாபகமில்லீங்க" என்றார்கள்.

"குத்தமில்லைன்னு ஒரு வரி வந்துரும், கண்ணு" என்று அப்பா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். மருத்துவமனையில் படுத்துக்கொண்டும் தபால் வந்ததா என்றுதான் கேட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது: ஊழியர் இறந்துவிட்டதால் நடவடிக்கை கைவிடப்படுகிறதாம். குற்றமற்றவர் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அந்தச் சொல்லுக்காக அம்மாவும் நானும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவமனையில் இரவு பகலாக உடனிருந்த தாய்மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், வீடிழந்த பின்னும் துக்கத்துக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்ட ஓடைக்கரைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

பக்கத்து மேசைக்காரர்களே, முதலாண்டு நினைவு மலரான இந்தப் புத்தகத்தை உங்கள் மூவருக்கும் நானே நேரில் கொண்டுவந்து தருவேன். எங்கள் வாசலில் நின்று, "அவரு மேல தப்பே இல்லீங்க அம்மணி" என்றீர்களே, அதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்களில் இருவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுவிட்டீர்கள். இன்னும் யாருக்குப் பயப்படுகிறீர்கள்?