சிவப்புக் கோட்டுக்கு இடப்புறம்

என் மேசை இழுப்பறையில் நான்காக மடித்த கட்டத்தாள் ஒன்று இருக்கிறது. மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டதால் அதை இப்போது அதிகம் விரிப்பதில்லை. விரித்தால் பென்சில் புள்ளிகளால் ஆன ஒரு குன்று தெரியும். நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் ஒரே சீராகச் சரிந்து, ஓரங்களில் ஒன்றிரண்டு புள்ளிகளாகத் தேய்ந்துபோகும் குன்று. அதன் இடப்பக்கச் சரிவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அப்பால் விழுந்த புள்ளிகள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று மட்டும் நீல மையில் இருக்கும். குன்றை வரைந்தவனும் நான், கோட்டைக் கிழித்தவனும் நான். நீலப் புள்ளியை வைத்ததும் நான்தான். அது ஏன் நீலம் என்று சொல்வதற்கு முன் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், மலாயா. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக இருந்த ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறியவன். வயது இருபத்திரண்டு. கஞ்சி போட்ட கால்சட்டையும் காதில் செருகிய பென்சிலுமாக நடந்தால் பாதித் துரை ஆகிவிட்டதாக நினைப்பு. தலைக்கனத்துக்குக் குறைச்சலே இல்லை. பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் அறுபது பேரில் ஒருவரையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் உள்ள எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். இங்கே அக்கா என்று எழுதுகிறேனே, அவரை அன்று ஒருநாள்கூட அப்படி அழைத்ததில்லை. இருபத்து மூன்று என்றுதான் அழைத்தேன்.

இருபத்து மூன்றுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் பாலை நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுவந்து வாளியைத் தொப்பென்று இறக்குவார்கள். இவர் இறக்கிவைத்து, குனிந்து, விரல் நுனியால் மேலே மிதக்கும் சருகுத் துணுக்கையும் பட்டைத் தூளையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். பால் நிறுத்தானதும் வாளியை மூன்று தண்ணீரில் கழுவி, வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒருநாளும் அது தவறியதில்லை.

அந்த ஆண்டு பெரிய துரைக்கு ஒரு சந்தேகம் வந்தது. எடை கூடட்டும் என்று வெட்டுக்காரர்கள் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று நினைத்தார். சிலர் கலந்திருக்கவும் கூடும். எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் யார் என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒரு கருவி வந்து இறங்கியது. பித்தளைக் குமிழும் மெல்லிய கழுத்துமாக ஒரு மிதவை. பாலில் விட்டால், அது எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்து, ஒரு காலன் பாலில் எத்தனை ராத்தல் ரப்பர் இருக்கிறது என்று கழுத்திலுள்ள கோடுகள் சொல்லிவிடும். ரப்பர் தண்ணீரைவிட லேசானது; அதனால் பால் நீர்த்திருந்தால் மிதவை நிமிர்ந்து நிற்கும். ஒரே ஒரு சிக்கல். கெட்டிப் பாலில் அது சரியாக மிதக்காது. கொஞ்சம் பாலை எடுத்து, அளந்த அளவு தண்ணீர் விட்டுக் கலக்கித்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் கலப்பவர்களைப் பிடிக்க நானே தினமும் தண்ணீர் கலந்தேன். அதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மாத அளவுகளை வைத்து என்ன செய்வது என்று காட்டிக்கொடுத்தவர் சின்னத் துரை. கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு வந்த இளைஞர். ஒவ்வொரு அளவுக்கும் கட்டத்தாளில் ஒரு புள்ளி வை என்றார். வைத்தேன். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நான் ஒன்றும் செய்யாமலேயே அந்தக் குன்று தானாக எழுந்து நின்றது. மழை, வெயில், மரத்தின் வயது, கை வாகு என்று ஆயிரம் காரணங்களால் ஏறி இறங்கும் பால் இவ்வளவு ஒழுங்காக வந்து உட்காருமா என்று வியந்துபோனேன். இன்றும் அந்த வடிவம் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. இடப்பக்கம் ஓர் இடத்தைக் காட்டி, “யாரும் எதுவும் கலக்காவிட்டாலும் நூற்றில் ஐந்து பேர் இதற்குக் கீழே விழுவார்கள். விழுந்தவர்களைக் கவனித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுச் சிவப்பு மையால் கோடு கிழித்தேன். அடுத்த வாரம் அவர் விடுப்பில் சீமைக்குப் போய்விட்டார். அவர் சொன்ன விளக்கம் அவரோடு கப்பலேறிவிட்டது. கோடு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

பெரிய துரை அதைச் சட்டமாக்கினார். கோட்டுக்குக் கீழே ஒருமுறை விழுந்தால் எச்சரிக்கை. மாதத்துக்குள் மறுமுறை விழுந்தால் செக்ரோலில் பெயரை வெட்டிவிட வேண்டும். பெயர் வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் அன்றே காலி செய்ய வேண்டும். வெளியே எங்கும் வேலை கிடைக்காத அந்த நாளில் அதன் பொருள் தெருதான், இல்லையென்றால் கப்பல்தான்.

முதல் நாள் மூன்று பேர் விழுந்தார்கள். மறுநாள் இரண்டு பேர். அதற்கடுத்த நாள் நான்கு பேர். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள். அறுபதில் நூற்றுக்கு ஐந்து என்றால் மூன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய எனக்கு அது கண்ணில் படவில்லை. “தினமும் ஆள் மாறுதே துரை” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். “முறை வெச்சுக் கலக்குறானுங்க, கிராணி. உன் கோடு நல்லாப் பிடிக்குது” என்றார் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் இருபத்து மூன்றின் பால் மறுமுறை கோட்டுக்குக் கீழே போனது. இரண்டாம் முறை விழுந்த முதல் ஆள் அவர்தான். மயிரிழைதான் கீழே, ஆனாலும் கீழே. நான் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு அளவை உரக்கப் படித்தேன். அவர் அழவில்லை. வாளியைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, அறுவது பேர வரிசையா நிக்க வெச்சா கடைசியில ஒருத்தி நிக்கத்தான செய்வா. கடைசியில நிக்கிறவ எல்லாம் கள்ளியா?”

நான் செக்ரோலைப் புரட்டினேன்.

“நம்பலன்னா ஒரு வாரத்துக்கு நீங்களே எங் கூட வாங்க. நீங்களே உங்க கையால பால எடுங்க, நீங்களே கொண்டாந்து அளங்க. நான் பால் வடியுற மங்கு எதையும் தொடக்கூட மாட்டேன். அப்புறம் சொல்லுங்க.”

“எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. சட்டம் சட்டம்தான்” என்றேன். இந்த ஐந்து சொற்களை எத்தனையோ முறை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அவை என் வாயிலிருந்து வராமல் போனதில்லை.

அன்று மத்தியானமே அவர் புறப்பட்டார். தலையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் சின்னவள், பாய்ச்சுருளைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் பெரியவள். போகும்போது கொட்டகைப் பக்கம் வந்து வாளியைக் கழுவி வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டுத்தான் போனார். தோட்டத்து வாளி அது, அவருடையது அல்ல. யாரும் கழுவச் சொல்லவும் இல்லை.

அந்த வாளிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் முதல் அவருடைய மரங்களை, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வெட்டினார். நான் காலையில் அவர் பின்னாலேயே போய், மங்குகளைத் துணியால் துடைத்து வைத்து, பால் வடிந்ததும் நானே ஒவ்வொன்றாக வாளியில் ஊற்றி, யார் கையிலும் கொடுக்காமல் சுமந்துவந்து அளந்தேன். தோள்பட்டை கன்றிப்போனது. கஞ்சி போட்ட கால்சட்டையில் பால் ஒட்டிக் காய்ந்து பட்டை பட்டையாக நின்றது. முதல் மூன்று நாளும் அளவு குன்றின் நடுப்பக்கமாகவே வந்தது. அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் குற்றவாளியாகவே இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மிதவை நிமிர்ந்தது. அளவு கோட்டுக்குக் கீழே, அவர் இரண்டாம் முறை விழுந்த அதே கட்டத்தில் வந்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத பால். என் கையால் எடுத்த பால்.

நீல மையைத் தொட்டுப் புள்ளி வைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். பெரிய துரை நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. சிரித்தார்.

“கிராணி, அளக்கும்போது நீ தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பே. கை தப்பியிருக்கும். எல்லாருக்கும் வரும். போ, வேலையப் பாரு.”

“அப்ப அந்தப் பொம்பளைக்கும் என் கைதானே துரை தப்பியிருக்கும்? அவளத் திரும்பக் கூப்பிடலாமே?”

“அது முடிஞ்ச கதை” என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அடுத்த வாரம் இரண்டாம் முறை விழுந்தவர்கள் பட்டியலில் ஏழு பேர் சேர்ந்தார்கள். ஏழு பேரை அனுப்பினால் மரம் வெட்ட ஆள் போதாது. சட்டம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. மிதவை அலமாரிக்குப் போனது. போனவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கிள்ளானுக்குப் போய் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் கோயிலிலும் விசாரித்தேன். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒருத்தி கோலாலம்பூர் வண்டி ஏறினாள் என்றார் ஒருவர். துறைமுகத்துக்குப் போனாள் என்றார் இன்னொருவர். பெயரைக் கேட்டார்கள். செக்ரோலைப் பார்த்துக்கொண்டு வந்திருந்ததால் சொல்ல முடிந்தது. அன்றுதான் அந்தப் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பிறகு தோட்ட வேலையை விட்டு, மேலே படித்து, ஆசிரியனாகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். இயல்நிலைப் பரவல், கருதுகோள் சோதனை என்று பெரிய பெயர்களோடு அதே குன்றையும் அதே கோட்டையும் எத்தனையோ ஆண்டுகள் பலகையில் வரைந்திருக்கிறேன். சோதனையைத் தொடங்கும்போது முதலில் என்ன எண்ணிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். ‘ஒன்றும் நடக்கவில்லை என்று, சார்’ என்பார்கள். சரியான விடை. யார் விஷயத்தில் அப்படி எண்ணிக்கொள்கிறோம், யார் விஷயத்தில் எண்ண மறுக்கிறோம் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் ஆண்டுத் தேர்வில் என் சொந்தக் கேள்வி ஒன்றைச் சேர்த்துவிடுவேன். தண்ணீரே கலக்காத அறுபது பேர். நூற்றுக்கு ஐந்து விழும் கோடு. ஒரு நாளில் எத்தனை பேர் கீழே விழக்கூடும்? மூன்று என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். அடுத்த பகுதி: அவர்கள் செய்த தவறு என்ன? இதற்குச் சூத்திரம் தேடிப் பிள்ளைகள் பென்சிலைக் கடிப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தாள். தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா, நான் கேட்கவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

இன்று காலை தாளை மறுபடி விரித்தேன். பென்சில் மங்கிவிட்டது, சிவப்புக் கோடுகூட வெளிறிப் பழுப்பாகிவிட்டது. நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதே கட்டத்தில், அதை ஒட்டினாற்போல ஒரு பென்சில் புள்ளி. இரண்டும் ஒரே மரங்களின் பால், ஒரே மிதவை, ஒரே கோடு. பென்சில் புள்ளிக்குரியவர் இரண்டு குழந்தைகளோடு வெளியே போனார். நீலப் புள்ளிக்குரியவனைப் பார்த்து, கை தப்பியிருக்கும், போய் வேலையைப் பார் என்றார்கள். அவனும் போய் வேலையைப் பார்த்தான்.