பின்வளவுக்கு அடியில் ஒரு சுரங்க வாய்

பெப்ரவரி, சனிக்கிழமை. காலை 5.45, மோர்டன் ஸ்டேஷன்.

நான் போன ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. டர்ஹாம் நகரிலிருந்து கிழக்கே பன்னிரண்டு மைல், கடலோரம், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர் என்று சொன்னால் போதும். அங்கே வீட்டை விற்க முடியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைப் போட்டு, மிஞ்சியிருக்கிற கொஞ்ச மதிப்பையும் நான் கெடுக்க வேண்டாம். இதுவரை கெடுத்தது போதும்.

ஸ்ட்ரெதமில் ஒரு சிறிய சட்டத்தரணி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், இருபது வருடமாக வேலை செய்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. வீடு வாங்குகிறவர்களுக்கான கடதாசிகளைத் தயாரிப்பவன். ஒரு வீட்டை வாங்குமுன் பல இடங்களுக்கு எழுதிக் கேட்போம்: கவுன்சிலிடம், தண்ணீர்க் கொம்பனியிடம், வெள்ளம் வருமா என்று, நிலத்துக்குக் கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் உண்டா என்று. கடைசிக் கேள்வி லண்டன் வீடுகளுக்கு வேண்டியதில்லை. லண்டனுக்குக் கீழே இருப்பது களிமண்ணும் டியூப் ரயிலும்தான். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேள்விப் பட்டியலில் அந்த வரியை அடிமட்டம் வைத்துக் கோடு கீறி வெட்டி, நூறு பிரதி எடுத்து அடுக்கி வைத்தேன். கெட்டிக்காரன் என்று முதலாளி மெச்சினார். தீர்ந்ததும் மறுபடி நூறு.

பதினைந்து வருடமும் நான்கு மாதமும் முன்பு, குகநாதன் அண்ணை வந்தார். ஸ்ட்ரெதமில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்தவர். சீட்டெடுத்து, நகை விற்று, வங்கிக் கடனே இல்லாமல் வடக்கில் ஒரு மூலைக்கடையும் மேல்வீடும் வாங்கப்போவதாகச் சொன்னார். நான் அடுக்கிலிருந்து ஒரு பட்டியலை உருவி, ஒவ்வொரு வரியாகச் சரி போட்டேன். வெட்டிய வரி வெட்டியபடியே இருந்தது.

இரண்டு வருடம் முன்பு அவருடைய மனைவி மலர் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கடையை விற்று, மோர்டனில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட் எடுத்துப் போய்விடுவது என்று இருவரும் தீர்மானித்தார்கள். வாங்க ஆளும் வந்தான். ஆனால் அவனுடைய வங்கி, கடையின் பின்வளவுக்கு அடியில் பழைய சுரங்க வாய் ஒன்று இருக்கிறது, கடன் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டது. அடுத்து வந்தவனுடைய வங்கியும் அதையே சொன்னது. வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டம் இருக்கும்வரை வீடு விலை போகாது. விலை போகாமல் மலர் அக்கா மகளிடம் வந்துசேரவும் முடியாது.

இதில் இன்னொன்று உண்டு. அதைச் சொல்லத்தான் புறப்பட்டேன். டியூப்பில் இருந்தபடியே ஒத்திகை பார்த்தேன். வாக்கியம் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ செய்த குற்றமாகவே முடிந்தது.

காலை 7.00, கிங்ஸ் குரொஸ்.

முன்கூட்டியே எடுத்ததால் ஒரு வழிக்கு முப்பத்தெட்டுப் பவுண். டர்ஹாமுக்கு மூன்று மணித்தியாலம். பீற்றர்பரோ தாண்டியதும் உழுத வயல்கள், பிறகு மழை, பிறகு வயலா மழையா என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல். டர்ஹாமுக்குள் ரயில் உயரமான பாலத்தில் நுழையும்போது வலப்பக்கம் பெரிய தேவாலயம் தெரிகிறது. பார்க்க வேண்டிய காட்சி. எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன், மனசு எங்கே இருந்தாலும் கை பழக்கத்தை விடுவதில்லை.

காலை 10.20, பஸ்.

கட்டணம் மூன்று பவுண். சாரதியிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் சுரங்கமும் சேர்ந்திருக்கிறது.

"அங்கே சுரங்கம் இல்லையே, தெரியுமா?" என்றார். "நான் தாடி வழிக்கத் தொடங்குமுன்பே மூடிவிட்டார்கள். என் அப்பாவின் வேலை அதோடு போனது. நிறுத்தம் மட்டும் இருக்கிறது."

ஏறியவர்கள் எல்லோரும் வயதானவர்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் சாரதிக்கு நன்றி சொன்னார்கள். லண்டனில் இதைக் கேட்டு எத்தனை காலம்.

காலை 11.15, ஊர்.

இறங்கியதும் புல்வெளியில் பாதிச் சக்கரம் ஒன்று கொங்கிறீற்றில் புதைந்து நிற்கிறது. ஆட்களைக் கீழே இறக்கிய கூண்டை இழுத்த சக்கரமாம். சிவப்புப் பூச்சு புதிது. ஊரில் புதிதாக நான் கண்டது அது ஒன்றுதான். சுரங்க முதலாளி தொழிலாளருக்காகக் கட்டிய செங்கல் வீட்டு வரிசைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. ஏழு தெருக்கள், ஏழுக்கும் அவருடைய மகள்மாரின் பெயர்கள். மூன்றாவது மகளின் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டின் கதவு யன்னலுக்குத் தகரம் அடித்திருந்தது. ஐந்தாவது மகளுக்கு முழுவதுமே தகரம். ஒரு வாசலில் யாரோ இன்னமும் படிக்கல்லைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அந்த ஒரு வாசலைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது.

குகநாதன் அண்ணையின் கடை மூலையில் இருக்கிறது. பால், பாண், சிகரெட், மின்சார மீற்றருக்குக் காசு போடும் மெஷின். நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாரும் தம்பி, வாரும். இவ்வளவு தூரம் எங்களுக்காக வந்திருக்கிறீர். கந்தோரில இருந்து ஆள் வந்தால் ஏதும் வழி பிறக்கும் எண்டு மலர் அப்பவே சொன்னவ."

பேப்பர் வாங்க வந்த ஒரு முதியவர் மூச்சு வாங்கியபடி கதிரையில் இருந்தார். பெயர் ஜிம். பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, அது மூடப்பட்ட நாள்வரை இறங்கியவர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அண்ணை மொழிபெயர்த்தார், ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே.

அந்தச் சுரங்க வாய் பற்றி ஜிமிடம் கேட்டேன். பெரிய சுரங்கம் வருமுன் இருந்த சிறிய சுரங்கத்துக்குக் காற்றுக்காகத் தோண்டிய குழி அது என்றார். பழைய தண்டவாளக் கட்டைகளைப் போட்டு மூடி, மேலே மண் கொட்டினார்களாம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லோருக்கும் தெரியும்," என்றார் ஜிம். "யாரும் கேட்கவில்லை."

அவருடைய சாவிக்கொத்தில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது, அதில் ஓர் இலக்கம். என் பார்வையைக் கண்டு அவரே விளக்கினார். ஆளுக்கு இரண்டு தகடு. இறங்கும்போது ஒன்றைக் கொடுக்க வேண்டும், ஏறி வந்ததும் மற்றதை. ஷிப்ட் முடிந்து பலகையில் ஓர் இலக்கம் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள், அவன் எங்கே என்று தெரியும்வரை. இவ்வளவு கவனமாக இருந்த மனிதர்களின் ஊரை யாரும் எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் தொழிலிலும் அப்படியொரு பலகை இல்லை. இருந்திருந்தால் பதினைந்து வருடமாக ஓர் இலக்கம் குறைந்திருக்கும்.

பகல் 1.00, மேல்வீடு.

கடைக்குப் பின்னால் செங்குத்தான மரப்படிகள், பதினாறு. மலர் அக்கா கிழமைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறார், வைத்தியசாலைக்கு. அண்ணை முன்னால் பின்பக்கமாக இறங்க, அவர் பிடித்துப் பிடித்து வருவாராம். யன்னலருகே கதிரை. அங்கிருந்து கடல் தெரியும். சுரங்கக் கழிவைப் பல காலம் கடலில் கொட்டியதில் கரையோரம் இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது.

ஒற்றைக் கையால் சமைத்திருந்தார். சோறு, பருப்பு, கணவாய்க் கறி, லீக்ஸ் வதக்கல். வெட்டிக் கொடுத்தது மட்டும் அண்ணை.

"உந்த லீக்ஸ் எங்கட வளவில வந்தது தம்பி. ஜிம்தான் இவருக்குப் பழக்கினது. இந்த ஊர் ஆம்பிளையளுக்கு லீக்ஸ் வளக்கிறதில போட்டியெல்லோ. இவர் ஒருக்கா மூன்றாம் பரிசும் எடுத்தவர்."

"நல்ல ருசி அக்கா."

"மோர்டனில மகள் வீட்டில இருந்து கோயிலுக்கு நடந்து போகேலுமே?"

"ஏலும் அக்கா. கிட்டத்தான்."

"தடி பிடிச்சு நடந்தாலும்?"

"ஓம் அக்கா."

இன்னும் கொஞ்சம் போட இடது கையால் கரண்டியை நீட்டினார். நான் தட்டை நீட்டினேன். பாவி நான், இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பகல் 2.30, பின்வளவு.

உடுப்புக் கொடிக் கம்பம், ஒரு கதவில்லாத கொட்டில், சின்னதாய் ஒரு லீக்ஸ் பாத்தி. அண்ணை காலால் பாத்தியின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்குக் கீழதானாம். பதினைஞ்சு வருசமா நான் இதில நிண்டு தண்ணி ஊத்தினனான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, என்ன செய்யலாம் சொல்லும். கந்தோரிட்ட நட்டம் கேக்கேலாதே? கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காமல் விட்டது அவையள்தானே?"

இதற்காகத்தான் வந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணை, அதைக் கேக்காமல் விட்டது நான்."

"ஓம், கந்தோர்."

"கந்தோர் இல்லை, நான். போன வருசம் நீங்கள் முதல்தரம் போன் எடுத்த அண்டைக்கே பைலை எடுத்துப் பாத்தனான். என்ர பிழை எண்டு அப்பவே தெரியும். கந்தோர் மேல வழக்குப் போடுறதுக்கு, கடை வாங்கின நாளில இருந்து பதினைஞ்சு வருசம்தான் கடைசி எல்லை. அப்ப ஒன்பது மாதம் மிச்சம் இருந்தது. நான் சொல்லேல்லை. இப்ப நாலு மாதம் கடந்திட்டுது. இனி ஏலாது."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லப் பெரிய காரணம் ஏதும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், இருபது வருடத்து நல்ல பெயர் போய்விடும் என்ற பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, அவருக்குக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது அவருடைய கண், நமஸ்காரம் மட்டும் என்னுடையது.

அண்ணை குனிந்து பாத்தியில் ஒரு புல்லைப் பிடுங்கினார்.

"அந்த ஒன்பது மாதத்தில நான் உமக்கு எத்தினை தரம் போன் எடுத்தனான்?"

"நாலைஞ்சு தரம் இருக்கும்."

"ஆறு தரம்," என்றார். "ஒவ்வொரு தரமும் பாப்பம் அண்ணை எண்டனீர்."

கடைக்கதவின் மணி அடித்தது. யாரோ பால் வாங்க வந்திருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த ஆளோடு காலநிலை பற்றிப் பேசுவது எனக்குக் கேட்டது, எப்போதும்போலப் பேசினார்.

மாலை 4.00, பஸ் நிறுத்தம்.

விடைபெற மேலே ஏறினேன். மலர் அக்கா ஒரு சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"ரயிலில சாப்பிடுங்கோ. சித்திரைக்கிடையில வந்திடுவம், என்ன தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன். என்னை எதனால் அடித்தாலும் தகும்.

அண்ணை கடையைப் பூட்டிவிட்டு நிறுத்தம்வரை கூட வந்தார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழியில் அந்தப் பாதிச் சக்கரத்தில் இரண்டு கடற்பறவைகள் இருந்தன. பஸ் வளைவில் தெரிந்தபோது அண்ணை சொன்னார்.

"மலருக்கு நான் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். அவ உம்மை நம்பிக்கொண்டிருக்கிறா. அந்த ஒண்டையும் நான் ஏன் பறிப்பான்?"

கையை நீட்டினேன். அவர் பார்க்காததுபோல பஸ் சாரதிக்குக் கைகாட்டி நிறுத்தினார்.

மாலை 6.10, டர்ஹாமிலிருந்து தெற்கே.

யோர்க் வரும்வரை பார்சலைத் தொடவில்லை. பிறகு பசித்தது. வெட்கம் கெட்டது வயிறு. தாளைப் பிரித்தபோது சோற்றுப் பொட்டலத்தின் மேல் நாலாய் மடித்த ஒரு துண்டு இருந்தது. கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை. இடது கையால், புதிதாக எழுதப் பழகும் பிள்ளையைப்போல, கோணல் கோணலாக எழுதியிருந்தார்:

"தம்பி, மோர்டனில் வீடு பார்க்கும்போது படி இல்லாத வீடாகப் பாருங்கோ. அறை சின்னன் எண்டாலும் காரியமில்லை."

கிங்ஸ் குரொஸில் இறங்கி, டியூப் பிடித்து, பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்கு மூன்று படிகள். பதினெட்டு வருடமாக ஏறி இறங்குகிறேன், அன்றைக்குத்தான் எண்ணினேன்.