சாமியார் ஒளித்து வைத்திருந்தது

கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் திலகவதியிடம்தான் போக வேண்டும். புருஷன் முத்துராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அவர் அங்கே இரும்பைத் தூக்குகிறார், இவர் இங்கே மாப்பிள்ளைகளைத் தூக்கி வைக்கிறார். கனம் எதில் அதிகம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

வெள்ளைக் குதிரையை அவருக்கு விற்ற திருப்பதி என்ற தரகர் சத்தியம் செய்தார்: "காயடிச்ச குதிரைக்கா. பச்சப்புள்ள மாதிரி." ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாகக் குனிந்து அடியில் பார்த்தார்கள். ஒன்றும் தொங்கவில்லை. "சுத்தம்" என்று தீர்ப்பாயிற்று. அன்றே அதற்குச் சாமியார் என்று பெயரும் வைத்தாயிற்று.

சாமியாரும் பெயருக்குப் பங்கமில்லாமல்தான் இருந்தார். வேட்டுச் சத்தத்துக்கு மிரளமாட்டார். திலகவதி கிணற்றடியில் துணி துவைத்தால் பின்னால் வந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கனத்தோடேயே திலகவதி துவைத்து முடிப்பார்.

கறம்பக்குடிக் கல்யாணத்தில்தான் விபரீதம். பெண் வீட்டார் மேளத்துக்கு ஆடும் ஆட்டக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அது பெட்டை. சாமியார் மேலுதட்டைச் சுருட்டி, வானத்தைப் பார்த்து ஒரு கணம் தியானத்தில் ஆழ்ந்தார். பிறகு பின்னங்கால்களில் எழுந்து நின்றார். மாப்பிள்ளை வழுக்கிக்கொண்டு போய் ஜெனரேட்டர் வண்டியில் உட்கார்ந்தார்.

முன்பதிவாகியிருந்த முகூர்த்தமெல்லாம் கைநழுவிப் போயிற்று. திருப்பதி மறுபடி வந்தார். "என்கிட்டயே குடுத்துருங்கக்கா. பந்தய வண்டிக்காரன் கேக்குறான். ரெண்டு சாட்டை விழுந்தா புத்தி வந்துரும்."

மஸ்கட்டும் போனில் அதையே சொன்னது. "வித்துரு திலகா. நாளைக்கு ஒருத்தன் மண்டை ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

சாட்டை என்ற சொல்தான் திலகவதியைத் தூங்கவிடவில்லை. குதிரையை வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவர் இனியாவிடம் கொண்டுபோனார். அங்கே போய் நின்றபின் வாய் வரவில்லை.

"டாக்டரம்மா, அதுக்கு... அது இல்லீங்க. ஆனா அது இருக்கிற மாதிரியே பண்ணுதுங்க."

இனியா ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்தனுப்பினார். முடிவு வந்ததும் சிரித்தார். "அக்கா, ஒரு விதை கீழ எறங்கவே இல்ல. வயித்துக்குள்ளயே தங்கிருச்சு. எறங்கின ஒண்ணை மட்டும் எவனோ எடுத்துட்டு, காயடிச்சாச்சுன்னு வித்துட்டான். உள்ள இருக்கிறதால குட்டி பொறக்காது. ஆனா ஆம்பளை முறுக்கு மட்டும் கொறையாது."

"அது தப்பு இல்லயே டாக்டரம்மா?"

"குதிரை மேல ஒரு தப்பும் இல்ல."

திலகவதி அங்கேயே அழுதார்.

ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில், உள்ளே இருந்ததை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மயக்கம் தெளியும்போது குதிரை பதறி எழுந்தால் கால் முறிந்துவிடும், முறிந்தால் பிழைக்காது என்று சொல்லியிருந்தார்கள். மெத்தை அடித்த அறையின் வாசலில் நின்று திலகவதி அய்யனாருக்கு ஒரு மண்குதிரை நேர்ந்துகொண்டார். உள்ளே பார்த்து மெல்லப் பேசிக்கொண்டேயிருந்தார்: "படுத்துக்கடா தங்கம். எந்த மாப்பிள்ளையும் காத்துக்கிட்டு இல்ல. மெதுவா எந்திரி."

காதுகள் குரல் வந்த பக்கம் திரும்பின. வெகுநேரம் படுத்திருந்துவிட்டு, நாலு காலும் நடுங்க, சாமியார் எழுந்தார்.

ஊர் திரும்பியதும் பெரிய மனிதர்கள் மறுபடி குனிந்து பார்த்தார்கள். "முன்ன இருந்த மாதிரியேதான இருக்கு! எதுக்கு ஆபரேசன்?"

மண்குதிரை செய்யும் நல்லதம்பி வேளாருக்கோ வேறு சங்கடம். "தாயி, ஆண் குதிரைன்னா அதையும் வச்சுத்தான் செய்யிறது. ஒங்க சாமியாருக்கு எப்புடி... வைக்கவா, விட்டுரவா?"

டாக்டரிடம் வாய் வராத திலகவதி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "விதை ரெண்டும் வைங்கண்ணே! ஒண்ணு ஒளிஞ்சிருந்ததுக்கே எம்புள்ள இம்புட்டுப் பாடு பட்டுச்சு. அய்யனார் குதிரைக்காவது எல்லாம் வெளிய தெரியட்டும்."

சில மாதம் கழித்து, மண்குதிரைகளை அய்யனார் கோயிலுக்குத் தூக்கிப் போகும் புரவி எடுப்பு. மண்குதிரைகளோடு சாமியாரும் நடந்தார். முத்துராஜ் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அதே கறம்பக்குடிப் பெட்டை வந்தது. பெரிய மனிதர்கள் சட்டென்று ஒதுங்கி, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

சாமியார் பெட்டையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திலகவதியின் தோளில் தாடையை வைத்து, அவர் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை நிதானமாகத் தின்னத் தொடங்கினார்.

"திலகா, திருப்பதிகிட்ட விக்கிறதா இல்லைன்னு சொல்லிரு" என்றார் முத்துராஜ்.

"அன்னைக்கே சொல்லிட்டேங்க" என்றார் திலகவதி.